ஜெனரல் ஆர்டரும் நிலவறையில் செத்த தேவாவும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எத்தனையோ நீதிபதிகளும் வக்கீல்களும் போலீஸ் அதிகாரிகளும் குடியிருந்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறு தட்டில் ஜெனரல் ஆர்டரை வைத்தால், விதியை மதிப்பதில் அவர் தட்டுதான் தரையைத் தொடும். மனிதர் நடந்து போகும்போதே சிவப்பு விளக்குக்கு நிற்பார். ரோட்டில் ஒரு வண்டியும் இருக்காது, நிற்பார். ஒருமுறை அந்த விளக்கு பழுதாகிச் சிவப்பிலேயே நின்றுவிட்டது. நானும் ஞானமும் அவரை விட்டுவிட்டுப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டு, டீ குடித்து, பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பினோம். மனிதர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் மாறேல்ல" என்றார் எங்களிடம்.

அரசாங்க ஊழியர் எப்போது லீவு எடுக்கலாம், எந்த நிறச் சட்டை போடலாம் என்பதையெல்லாம் சொல்லும் விதிகளுக்கு அந்தக் காலத்தில் ஜெனரல் ஆர்டர் என்று பெயர். நம்மவர் ஓர் இலாகாவில் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அந்த விதிகள் அவருக்குத் தேவாரம் மாதிரி மனப்பாடம். அதனால் பெயரும் அதுவே ஆகிவிட்டது. பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், இவர் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில், வாயைத் திறந்தால் மட்டும் நேற்றுத்தான் கப்பலை விட்டு இறங்கியவர் போல இருக்கும். முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "விண்ணப்பம் ஒண்டும் வரேல்ல" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் நாலு பேர் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த நான். பள்ளி ஆசிரியரான ஞானம். கத்தோலிக்கன், ஞாயிறு காலைப் பூசையில் பாடுவான், மதியத்துக்கு மேல் வாயில் வருவது எதுவும் பூசைக்கு ஆகாது. கிளாங்கிலிருந்து வந்த தேவா. பஸ் கம்பெனியில் டைம் கீப்பர், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். அப்புறம் ஜெனரல் ஆர்டர். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன்.

ஒரு நாள் பழைய புத்தகக் கடையிலிருந்து அண்ணன் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தோடு வந்தார். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் யாரோ விட்டுப்போனது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற ஒரு விளையாட்டின் விதிகள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்" என்பார்கள். கதவு திறக்குமா, உள்ளே இருப்பது கடிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகம் உள்ள பகடை! பூதம் கடித்தால் எத்தனை காயம், செத்தால் யார் எழுப்பலாம், எழுப்பினால் பிழைக்க எவ்வளவு வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் பிரிவு உண்டு, உட்பிரிவு உண்டு, அட்டவணை உண்டு. பிள்ளை இல்லாதவர் கையில் யாரோ ஒரு குழந்தையைக் கொடுத்த மாதிரி அண்ணன் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

எங்களை உட்கார வைத்து ஆடிப் பார்த்தார். முதல் ஞாயிறு, வருகைப் பதிவு எடுத்தார். இரண்டாம் ஞாயிறு, முதல் ஞாயிற்றின் கூட்டக் குறிப்பை வாசித்து, அதை ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய வேண்டும் என்றார். மூன்றாம் ஞாயிறு நாங்கள் ஒருவழியாகக் குகை வாசலுக்கு வந்து சேர்ந்தோம். நான்காம் ஞாயிறு மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் ஓடிவிட்டோம்.

அண்ணன் மனம் தளரவில்லை. ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அறையில் வைத்தார். இதே விதிகளின்படி ஆடுகிற விளையாட்டு டிஸ்கில் வந்துவிட்டதாம். "இது டீ குடிக்க எழும்பிப் போகாது" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். ஊரே டிஸ்கை நகலெடுத்து ஆடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதி அசலை வரவழைத்தார். நாலு மாதம் காத்திருந்தார். அந்த நாலு மாதமும் வெறும் கம்ப்யூட்டரைத் தினமும் துடைத்து வைத்தார்.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. கோடுகளால் ஆன சுவர்கள். பத்து அடுக்கு நிலவறை. பத்தாவது அடுக்கில் ஒரு பெரிய வில்லன். ஆறு பேர் கொண்ட படையோடு இறங்கிப் போய் அவனை முடிக்க வேண்டும். முடித்தால் கம்பெனி ஒரு சான்றிதழ் அனுப்பும். மற்றவர்களுக்கு அரசர் தரும் டத்தோ பட்டம் எப்படியோ, அண்ணனுக்கு அந்தச் சான்றிதழ் அப்படி.

படைக்கு ஆறு பெயர் வேண்டுமே. எங்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, பகடை உருட்டி, உடல் பலம், அறிவு, நல்லொழுக்கம் என்று நம்பர் போட்டார். எனக்கு மந்திரவாதி வேலை. உயிர் நாலு புள்ளி. ஒரு தடவை மந்திரம் சொன்னால் மறுநாள் வரை தூங்க வேண்டும்.

"அண்ணே, நாலு புள்ளிதானா? இன்னொரு தடவை உருட்டுங்களேன்."

"மேல்முறையீடு இல்லை. உம்மை நாலு வருஷமாப் பாக்கிறன், இது கூட அதிகம்."

ஞானம் வில்வீரன். வீட்டுக்காரரின் பெயரில் ஒரு தடியன். எல்லாருக்கும் முன்னால் போய் அடி வாங்குவது அவன் வேலை. திருடனுக்குத் தன் இலாகா மேலதிகாரியின் பெயரை வைத்தார். அண்ணன் பூசாரி. தேவாவுக்கு மட்டும் பகடை அள்ளிக் கொடுத்துவிட்டது. பதினெட்டுக்குப் பதினெட்டு உடல் பலம், கையில் வாள், படையின் முதல் வீரன். நிஜ தேவாவால் மத்தி மீன் டின்னைத் திறக்க முடியாது. ஒருமுறை டின்னையும் திறப்பானையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போனவன் அவன்.

அண்ணனின் ஆட்டத்தில் ஒரு விதி இரும்புக் கட்டளை. டிஸ்கை நகலெடுத்து வைத்துக்கொண்டு, யாராவது செத்தால் பழைய நகலைப் போட்டு மறுபடி ஆடுவது ஊர் வழக்கம். அண்ணன் நகலே எடுக்க மாட்டார். "செத்தவன் செத்தவன்தான். பிழை செய்தா அனுபவிக்க வேணும்" என்பார். அதனால் இரண்டு வருஷமாக எறும்பு ஊர்வது போல அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டிருந்தார்.

சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் எப்போது அதற்குள் விழுந்தோம் என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் முழு நாளும் ஆடுவார். நாங்கள் எங்கே இருந்தாலும் போன் பண்ணிக் கேட்போம். பஸ் டிப்போவிலிருந்து தேவா, "அண்ணே, நான் இருக்கேனா?" என்பான். "இருக்கிறீர். இப்பதான் ரெண்டு எலும்புக்கூட்டை வெட்டினீர்" என்பார். அன்று முழுவதும் தேவா டிரைவர்களை அதட்டி வேலை வாங்குவானாம்.

அந்தக் குறிப்பிட்ட ஞாயிறு, காலை பத்து மணிக்கு, மூன்றாம் அடுக்கில், நாலு பேர் சூழ்ந்துகொண்டு தேவாவை வெட்டிப் போட்டார்கள். அண்ணன் இடிந்து போய் உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்குப் போன் அடித்தது. பேசியவர் தேவாவின் சொந்த அண்ணன் மணியம், கிளாங்கில் லோரி ஓட்டுகிறவர். தம்பிக்கு ஜெஞ்சாரோமில் பெண் பேசி முடித்திருந்தார்கள். அது விஷயமாகக் கூப்பிட்டிருக்கிறார். நடந்த உரையாடலை அவரே பிறகு எனக்கு ஒப்பித்தார்.

"ஹலோ, தேவா இருக்கானா?"

"இல்லை. செத்துப் போனான்."

"யாரு?"

"தேவா. ஒரு மணித்தியாலம் ஆகுது. நாலு பேர் சேர்ந்து வெட்டிப் போட்டாங்கள்."

"ஐயோ! என்னங்க சொல்றீங்க?"

"நாங்கள் எல்லாரும் பக்கத்திலதான் நிண்டனாங்கள். ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. ஆனா கடைசி வரைக்கும் நல்லாச் சண்டை பிடிச்சவன்."

"பாடி... பாடி எங்கங்க?"

"கீழதான் கிடக்குது. தூக்கிக்கொண்டு வர எங்களுக்கு இப்ப பலம் இல்லை. வாற ஞாயிறு பாப்பம்."

போனில் பேசியவர் ஞானம் என்று நினைத்தாராம் ஜெனரல் ஆர்டர். ஞானம் கொஞ்சம் அதிகமாக உணர்ச்சிவசப்படுகிறான் என்றும் நினைத்தாராம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் தெருவுக்குள் ஒரு லோரி நுழைந்தது. பின்னால் இருபத்தைந்து பேர், கித்தான், மடக்கு நாற்காலிகள், ஒரு மூட்டை அரிசி, பெரிய குவாலிச் சட்டி, தப்பு அடிக்கிற இரண்டு பேர். அதற்குப் பின்னால் பெண் வீட்டாரின் வேன். ஆம்பளைகள் வாசலில் கித்தானைக் கட்ட ஆரம்பித்தார்கள். பொம்பளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். சாரத்தைச் சரி செய்தபடி வெளியே வந்த ஜெனரல் ஆர்டர் கைகூப்பினார்.

"தேவாவைப் பாக்க வந்தனீங்களோ? வாங்கோ. உள்ள அறையில கிடக்கிறான்."

மணியம் அண்ணன் தள்ளாடியபடி உள்ளே போனார். கறுப்புத் திரையில் தம்பியின் பெயர் பச்சையாக எழுதியிருந்தது. பக்கத்தில் செத்தவன் என்று ஆங்கிலத்தில். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னாங்க? ஆஸ்பத்திரி மெஷினா?"

அண்ணன் விளக்க வாயெடுத்த அந்த நேரத்தில்தான் ஷிப்ட் முடிந்த தேவா, ஒரு பொட்டலம் பிசாங் கோரேங் வாழைப்பழ பஜ்ஜியோடு தெருமுனையில் வந்து சேர்ந்தான். தன் வீட்டு வாசலில் கித்தான், தப்புச் சத்தம். கித்தான் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணே, யாரு செத்தது?" என்று கேட்டிருக்கிறான். அவர் திரும்பிப் பார்க்காமலே, "நம்ம மணியத்தோட தம்பி, தேவா. கல்யாணம் பேசின பையன், பாவம்" என்றார். தேவா பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு, டிரைனேஜ் ஓரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"நீ ஏன்டா அழுத?" என்று பின்னால் கேட்டோம்.

"எல்லாரும் அவ்ளோ சோகமா அழுதாங்கடா. என்னால தாங்க முடியல."

அவனை முதலில் பார்த்தது அவன் அம்மா. அலறினார், மயங்கினார், எழுந்தார், மறுபடி அலறினார். மணியம் அண்ணன் ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டு, அதே சூட்டில் ஓங்கி ஒரு அறையும் விட்டார். வந்தது வந்தாகிவிட்டது என்று குவாலியை அடுப்பில் ஏற்றினார்கள். தப்புக்காரர்கள் தாளத்தை மாற்றிப் போட்டார்கள். தெருவே சாப்பிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரைத் தவிர. பெண்ணின் தாய். ஜெஞ்சாரோம் ஆன்டி என்று நாங்கள் பெயர் வைத்தவர். இலையைத் தொடாமல், அண்ணனின் அறை வாசலில் நின்று, அந்தப் பச்சை எழுத்தையே பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அவர் முனீஸ்வரர் கோயிலில் சாமி கேட்டிருக்கிறார். சாமி வந்து சொன்னதாம்: "பையன் பேரு பாதாளத்துல படுத்துக் கெடக்கு. அது எந்திரிக்காம மாலை மாத்தாதே." சனிக்கிழமை போன் வந்தது.

"ஆன்டி, அது கேம் லா!" என்று தேவா கெஞ்சினான்.

"அத என்கிட்ட சொல்லாத. சாமிகிட்ட வந்து சொல்லு. அடுத்த மாசம் பத்திரிகை அடிக்கணும். அதுக்குள்ள எந்திரிச்சா கல்யாணம். இல்லேன்னா எம்மவளுக்கு டெங்கில்ல ஒரு வாத்தியார் மாப்பிள்ள கேட்டுக்கிட்டு இருக்காங்க."

தேவாவுக்கு அந்தப் பெண், சாந்தி என்றால் உயிர். கிளாங் பஸ்ஸில் தினமும் ஏறுகிறவள். அவளுக்காக அவன் ஒரு பஸ்ஸை ஏழு நிமிஷம் தாமதமாகப் புறப்பட வைத்து, எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருக்கிறான். டைம் கீப்பர் செய்கிற வேலையா அது?

ஞானம் ஒரே நொடியில் தீர்வு சொன்னான். "என் பிரெண்டுகிட்ட ஒரு புரோகிராம் இருக்கு லா. டிஸ்க்ல செத்தவன்னு இருக்கறத உயிரோடன்னு மாத்திடலாம். அஞ்சு நிமிஷ வேலை. எங்க மதத்துல கூட எந்திரிக்க மூணு நாள் ஆச்சு."

ஜெனரல் ஆர்டரின் முகம் சிவந்தது. "மரணப் பதிவைத் திருத்திறதோ? இந்த வீட்டிலயோ?"

"அண்ணே, இது என் கல்யாணம்ணே" என்றான் தேவா. 

"ஓம். என்ர வாயாலதான் இந்தக் கூத்து வந்தது, நான்தான் சரி செய்ய வேணும். ஆனா முறைப்படி. களவா எழுப்பின மாப்பிள்ளைக்கு நாளைக்கு என்ன நடந்தாலும் அந்தம்மா அதைத்தான் சொல்லுவா. புத்தகத்தில வழி இருக்கு. உம்மைத் தூக்கிக்கொண்டு மேல வரவேணும், கோயிலில குடுத்து எழுப்ப வேணும்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, தேவா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் ஞாயிறு ஐந்து பேராக இறங்கினோம். இறங்கினோம் என்றுதான் எழுத வருகிறது. நாங்கள் மூன்று பேரும் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். திருடன் ஒரு பொறியில் மாட்டிக்கொண்டு பாதி உயிரானான். மேலதிகாரிக்கு அடிபட்ட அந்த ஒரு கணம் மட்டும் அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மற்றபடி திரும்பி வந்துவிட்டோம். மாலை ஐந்துக்கு ஆன்டி போன் பண்ணினார். "எந்திரிச்சானா?" "இல்லை அம்மா. இரண்டாம் அடுக்கில இருந்து திரும்பிட்டம்." "சரி தம்பி. அடுத்த வாரம் பாருங்க."

இரண்டாம் ஞாயிறு உடலைக் கண்டுபிடித்தோம். அதைச் சுற்றி அதே நாலு பேர். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இண்டைக்கு எல்லாம் உம்மட கையிலதான் இருக்கு."  நாலு புள்ளி உயிரை வைத்துக்கொண்டு என் மந்திரவாதி முன்னால் வந்து, தன் ஒரே மந்திரத்தைச் சொன்னான். நாலு பேரும் பொத்தென்று தூங்கி விழுந்தார்கள். பிறந்ததிலிருந்து யாருக்கும் உபயோகமாக இருந்திராத நான் அன்றைக்கு வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! வீட்டுக்காரத் தடியன் தேவாவின் உடலைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஹவுஸ் ஓனர் என்னத் தூக்குறார்டா" என்று தேவா கண்கலங்கினான். "பாத்ரூம் பைப் மாத்தித் தராத மனுசன்டா."

மூன்றாம் ஞாயிறு மேலே கொண்டு வந்து சேர்த்தோம். இனி விளையாட்டுக்குள் இருக்கிற கோயில்தான். கோயிலில் எழுப்பினால் நூற்றுக்கு எழுபது பிழைக்கலாம். தவறினால் உடல் சாம்பலாகிவிடும்.

"சாம்பலாயிட்டா?" என்று நான் கேட்டேன்.

அண்ணன் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மெல்ல வாசித்தார். மூடினார். "அதுக்கும் ஒரு விதி இருக்கு. தேவைப்படாது" என்றார். அவர் உள்ளே போனதும் நான் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பெரிய பூசாரிகளுக்கு மட்டும் வாய்க்கிற ஒரு மந்திரம். சாம்பலையும் எழுப்பும். ஆனால் சொன்ன பூசாரி போய்விடுவார். கோயில் குளம் எதுவும் அவரைத் திரும்பக் கொண்டு வராது. அண்ணனின் பூசாரி அந்த மந்திரத்தைப் போன மாதம்தான் கற்றிருந்தார். இரண்டு வருஷம் ஊட்டி வளர்த்த பூசாரி. அவர் இல்லாமல் பத்தாம் அடுக்குக்குப் போகவே முடியாது.

நான்காம் ஞாயிறு, கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று ஜெஞ்சாரோம் ஆன்டி நேரிலேயே வந்துவிட்டார். நல்ல நேரம் பார்த்து, தேங்காய், விபூதி, ஒரு பாத்திரம் நிறையக் கேசரியோடு. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டார். அதன் தலையில் கற்பூரம் ஏற்றப் போனவரைத் தடுப்பதற்குள் அண்ணனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மேசை மேல் இருந்த இருபது முகப் பகடையைப் பார்த்ததும் ஆன்டிக்கு அண்ணன் மேல் ஒரு பக்தியே வந்தது. "சோழி பாப்பீங்களா தம்பி? என் சின்ன மவளுக்கும் ஒரு தடவ போட்டுப் பாருங்க" என்றார். மணியம் அண்ணன், தேவாவின் அம்மா, வாசல் வரை கூட்டம்.

அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கோயிலுக்குள் போனார். தேவாவின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். பட்டனைத் தட்டினார். திரையில் ஒரு வரி வந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான்.

"என்ன சொல்லுது?" என்றார் ஆன்டி.

ஞானம் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அப்போதாவது ஒரு பொய் சொல்லக் கூடாதா அந்த மனிதர்?

"சாம்பலாப் போச்சு, அம்மா" என்றார் ஜெனரல் ஆர்டர்.

ஆன்டி கேசரிப் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். தேவா சுவரோடு சாய்ந்து நின்றான். அவன் அழவில்லை, அழுதிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

"இருங்கோ அம்மா" என்றார் அண்ணன். "இன்னும் கால் மணித்தியாலம் தேவை. ஒரு வேலை பாக்கி."

படை முழுவதையும் வரிசையில் நிறுத்தினார். தன் பூசாரியின் கேடயத்தைக் கழற்றி வீட்டுக்காரத் தடியனிடம் கொடுத்தார். கவசம் ஞானத்துக்கு. மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக எனக்கு. மோதிரத்தைத் திருடனுக்குக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசித்தார், பிறகு கொடுத்துவிட்டார். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் டிக் போட்டார். ஆன்டி விசிறிக்கொண்டார். மணியம் அண்ணன் பொறுமை இழந்து, "என்னங்க செய்றாரு இவரு?" என்று என் காதில் கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அரசாங்க உத்தியோகத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். ஒரு கிராணி தன் மேசையில் உள்ளதையெல்லாம் எடுத்து, பட்டியல் எழுதி, அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார் என்றால், அவர் அந்த நாற்காலிக்குத் திரும்பி வரப் போவதில்லை.

"அண்ணே, வேணாம்ணே" என்றேன்.

"விதியில இடம் இருக்கு" என்றார். பட்டனைத் தட்டினார்.

தேவா எழுந்துவிட்டான். பச்சை எழுத்தில் உயிரோடு நின்றான். "எந்திரிச்சிட்டான்!" என்று ஞானம் கத்திய கத்தலில் ஆன்டி குலவை போட்டார், மணியம் அண்ணன் வாசற்படியில் தேங்காயை உடைத்தார், தேவா யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்தான், பார்த்தால் அது போஸ்ட்மேனின் மச்சான், வேடிக்கை பார்க்க வந்தவர். கூட்டம் முழுவதும் கேசரிக்காகக் கூடத்துக்கு ஓடியது. ஒருவரும் திரையின் கடைசி வரியைப் பார்க்கவில்லை. அங்கே பூசாரியின் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது.

அண்ணன் தாளை மடித்துப் பையில் வைத்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். 

"அவர் பென்ஷனில போயிட்டார்" என்றார். "போய்க் கேசரி எடும். முடிஞ்சிடும்."

அந்தச் சான்றிதழ் அவருக்கு வரவே இல்லை. புதுப் பூசாரி ஒருவரை முதலாம் நிலையிலிருந்து வளர்க்க ஆரம்பித்தார். அதற்குள் கம்ப்யூட்டர் பழசாகி, டிஸ்க் பூஞ்சை பிடித்து, நாங்களும் கலைந்து போனோம்.

ஆனால் நான் சும்மா இருப்பேனா? கல்யாணத்துக்கு முந்தின வாரம் தேவாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன், "அப்படியா?" என்று கேட்டதோடு சரி. நன்றி கெட்டவன் என்று மனதுக்குள் திட்டினேன்.

கிளாங்கில் கல்யாணம். தாலி கட்டியாயிற்று. பெரியவர்கள் காலில் விழுகிற நேரம். மைக்கில் பட்டியல் வாசித்தார்கள்: மாப்பிள்ளையின் தாய், தமையன், பெண்ணின் பெற்றோர், தாய்மாமன். பட்டியல் முடிந்ததும் தேவா மாலையும் கழுத்துமாகச் சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மணவறையை விட்டு இறங்கினான். நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தான். மூன்றாவது வரிசையில், வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜெனரல் ஆர்டரின் காலில் இருவரும் விழுந்தார்கள்.

அண்ணன் பதறி எழுந்தார். "என்ன இது? நான் பட்டியலில இல்லை. பட்டியலில இல்லை ஐயா!" என்று சுற்றிலும் பார்த்தார். அட்சதைத் தட்டை யாரோ நீட்டினார்கள். தேவா எழுந்திருக்கவில்லை. அவன் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. பதினாறும் பெற்று என்று ஆரம்பிக்கிற வாழ்த்தெல்லாம் அந்த மனிதருக்கு மறந்துவிட்டது. எங்களை எப்போதும் 'நீர்' என்றே சொன்னவர், குனிந்து அவன் தலையில் கை வைத்தார். 

"எழும்பு தம்பி" என்றார். "உயிரோட இரு. அது போதும்."

போன வருஷம் என் மகள் மாலையோடு என் காலில் விழுந்தாள். நாலு நாளாக யோசித்து வைத்திருந்த அழகான வாழ்த்து ஒன்று என்னிடம் இருந்தது. அதை விட்டுவிட்டு, அண்ணன் சொன்னதையே சொன்னேன்.